ஜம்பிங் ஸ்டில்ட்ல கரகர சத்தம், நான் சரி பண்ணின விதம்

ஜம்பிங் ஸ்டில்ட்னா கால்ல கட்டிக்கிட்டு குதிக்கிற ஸ்பிரிங் கட்டை. குதிக்கும்போது அதோட மூட்டுப் பக்கம் கரகரன்னு சத்தம் வந்துச்சு, போல்ட்டை கழட்டி பேரிங்கை (ரெண்டு வளையத்துக்கு நடுவுல சின்ன உருண்டைகள், அதாவது பால், உருளுற பாகம்) விரலால சுத்தினா சில இடத்துல மட்டும் சிக்கிச் சிக்கி நிக்குது. அழுக்கு மட்டும்னா கழுவி கிரீஸ் வச்சா போதும், ஆனா கழுவின பிறகும் சிக்கிச்சு, அப்போ உள்ள பால் ஓடுற பாதையே குழி விழுந்துடுச்சுன்னு அர்த்தம், மாத்தித்தான் ஆகணும்.

சைக்கிள் வீல் மாதிரி இது முழுசா சுத்தாது, ஒரு சின்ன கோணத்துலயே முன்னும் பின்னும் ஆடும், அதனால கிரீஸ் அந்த இடத்தை விட்டு ஒதுங்கிடும், பால் ஒரே இடத்துல உரசி குழி போடும், அதோட ஒவ்வொரு குதிப்புக்கும் அடி வேற.

புதுசு வாங்க பழசு மேல இருக்கிற நம்பரை பாருங்க, உதாரணமா 608னா உள்துளை 8, வெளிவிட்டம் 22, அகலம் 7 மில்லிமீட்டர். ரெண்டு பக்கமும் ரப்பர் சீல் வச்சதையே எடுங்க, மண்ணு தண்ணி அவ்வளவா உள்ள போகாது. ஃபிரேம்ல ஏத்தும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்தணும், உள் வளையத்துல சுத்தியல் பட்டா புது பேரிங்கும் அன்னைக்கே போச்சு!

துரு நீக்குற ஸ்பிரேவை உள்ள அடிக்காதீங்க, இருக்கிற கிரீஸையும் கரைச்சிடும். இப்போ ஈரத்துல குதிச்சா அன்னைக்கே துடைச்சு வைக்கிறேன், போல்ட்டையும் அப்பப்போ ஆட்டிப் பார்க்கிறேன்.