போஸ்ட்மார்ட்டம் அறிக்கையைக் கையில் வாங்குவதற்கு முன்

உடலைத் திறந்து பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் எங்கள் வேலைக்குப் பெரிய இடைஞ்சல். நான் சட்ட மருத்துவர், வேலை பிணவறையில். வெளியே நிற்கும் உறவினர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், "நீங்களே பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்பார்கள். அவர்கள் சொல்லிவிட்டால் நான் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவேனாம்.

நடப்பது நேர்மாறு. இறந்த இடம், இறந்தவரின் முன்கதை, உடல் என மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் முடிவு வரும். ஈரக் கையால் சுவிட்சைத் தொட்டு மின்சாரம் தாக்கி இறந்தவரின் தோலில் ஒரு சிறு காயம்கூட இல்லாமல் போகலாம். மென்மையான துணியால் மூச்சு அடைக்கப்பட்ட உடலும் அப்படித்தான். இடத்தைப் பார்த்தவர் வாய் திறக்காவிட்டால், அந்த உடலிலிருந்து நானும் எதையும் எடுக்க முடியாது.

ஆகவே இறந்தவரின் குடும்பமான உங்களுக்கு முதல் வேலை, தெரிந்ததைச் சொல்வது. கடைசியாக உயிருடன் பார்த்தவர் யார், எப்போது? கடைசியாக என்ன சாப்பிட்டார்? என்னென்ன மாத்திரைகள்? பெயர் நினைவில்லை என்றால் அட்டையையே கொண்டுவாருங்கள், காலி அட்டையையும் சேர்த்து. வலிப்பு, சர்க்கரை, அண்மையில் கீழே விழுந்தது, ஊசி போட்டுக்கொண்டது எல்லாம் வேண்டும். குடும்பத்தில் வேறு யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். உடலை நகர்த்தினீர்களா, கழுவினீர்களா, உடை மாற்றினீர்களா என்பதையும் மறைக்க வேண்டாம். காப்பாற்றப் போனபோது செய்ததைச் சொல்லத் தயங்க வேண்டாம். குடிப்பழக்கம், முன்பு நடந்த தற்கொலை முயற்சி, வீட்டுச் சண்டை ஆகியவற்றை வெட்கப்பட்டு விழுங்கிவிடுவார்கள். பிறகு வேறு வழியில் அது வெளியே வரும்போது அவர்கள் மீதே சந்தேகம் திரும்பும்.

அடுத்தது, செல்போனில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பார்த்து நீங்களே முடிவுக்கு வராதீர்கள். முதுகில் பரவியிருக்கும் ஊதா நிறம் பெரும்பாலும் அடிபட்ட தழும்பு அல்ல. இதயம் நின்றபின் ரத்தம் தாழ்வான பக்கம் இறங்கித் தேங்கியது அது. உடல் நீலமாக இருந்தால் விஷம் என்பதும் பொதுவாகப் பரவிய கதை. தேங்கிய ரத்தத்தின் நிறங்களில் எங்களைத் திரும்பிப் பார்க்க வைப்பது செர்ரிச் சிவப்பு. கார்பன் மோனாக்சைடு, சயனைடு இரண்டிலும் அது வரலாம். ஆனால் குளிரில் கிடந்த உடலும் அப்படிச் சிவக்கும். மூக்கிலும் வாயிலும் வழியும் சிவந்த நீர் உடல் அழுகத் தொடங்கியதால் வந்திருக்கலாம். எறும்பு கடித்த இடங்கள் அசல் சிராய்ப்பு மாதிரியே இருக்கும். ஆசிட் ஊற்றிவிட்டார்கள் என்று ஒரு குடும்பம் சண்டைக்கே வந்தது, அத்தனையும் எறும்பு. நெஞ்செலும்பும் விலா எலும்பும் உடைந்திருந்தால், காப்பாற்ற மார்பை அழுத்தியவர்கள் இருந்தார்களா என்று முதலில் கேளுங்கள். தீயில் கருகிய உடல் குத்துச்சண்டைக்கு நிற்பவர்போல கைகளை மடக்கியிருப்பது வெப்பத்தில் தசை சுருங்குவதால். அவர் போராடினாரா என்பதற்கு அது சான்றாகாது. தீ பற்றியபோது உயிர் இருந்ததா என்பதை மூச்சுக்குழாயில் படிந்த கரியிலும் ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடிலும் தேடுவோம்.

இறந்த நேரத்துக்கு வருகிறேன். சினிமா டாக்டர் குனிந்து பார்த்து "ராத்திரி பத்தேகால்" என்பார். எனக்கு அந்த வரம் கிடைக்கவில்லை. விறைப்பு முதலில் இமையிலும் தாடையிலும் தெரியும், ஏறக்குறைய 12 மணி நேரத்தில் உடல் முழுக்கப் பரவும், பிறகு தளரும். வெயிலில் இது வேகமாக நடக்கும், இறக்குமுன் ஓடியவருக்கும் வலிப்பு வந்தவருக்கும் இன்னும் வேகம். உடல் குளிர்வதை வைத்துக் கணக்கிட ஜெர்மன் சட்ட மருத்துவர் ஹென்ஸ்கே உருவாக்கிய வரைபடம் உலகெங்கும் புழங்குகிறது. எல்லாம் சாதகமாக இருந்தாலும் அதில் முன்பின் 2.8 மணி நேரம் விட்டுத்தான் சொல்ல வேண்டும். ஆகவே அறிக்கையில் ஒரு நேர இடைவெளி எழுதியிருந்தால் டாக்டர் மழுப்புகிறார் என்று எண்ணாதீர்கள். துல்லியமாக ஒரே நிமிடத்தை எழுதியிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். கடைசி செல்போன் அழைப்பும் பக்கத்து வீட்டுக்காரர் கேட்ட சத்தமும் பெரும்பாலும் எங்கள் வெப்பமானியைவிட நல்ல சாட்சி.

அறிக்கை கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல், முதலில் என்னென்ன திறந்து பார்க்கப்பட்டது என்று பாருங்கள். தலை, நெஞ்சு, வயிறு மூன்றும் திறக்கப்பட்டிருக்க வேண்டும். பிறகு மரணத்தின் காரணத்தைப் படியுங்கள். "இதயமும் சுவாசமும் நின்றதால் மரணம்" என்று மட்டும் இருந்தால் அது எதையும் சொல்லவில்லை. இறந்த எல்லோருக்கும் அவை நின்றுதான் போயின. அவை எதனால் நின்றன என்பதே காரணம்: இதய ரத்தக்குழாய் அடைப்பு, மண்டைக்குள் ரத்தக்கசிவு, இப்படி ஏதாவது இருக்க வேண்டும்.

மரணத்தின் வகை அதிலிருந்து வேறு. இயற்கை, விபத்து, தற்கொலை, பிறரால் நேர்ந்தது, முடிவு செய்ய இயலாதது என்று ஐந்தாகப் பிரிப்பது வழக்கம். சில நாடுகளில் மருத்துவரே இதை எழுதுவார், வேறு சில நாடுகளில் விசாரணை அதிகாரியோ நீதிமன்றமோ. பிறரால் நேர்ந்தது என்று மருத்துவர் எழுதினாலும், கொலைக்குற்றம் உறுதியாகிவிட்டது என்று பொருளாகாது. இங்கிலாந்தில் 1194 முதல் கொரோனர் என்ற பதவி உண்டு. இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்பதை அவர் சொல்வார். குற்றவாளி யார் என்று சொல்ல அவருக்கு அதிகாரமில்லை. நியூயார்க் நகரம் 1918இல் கொரோனரை விட்டுவிட்டு மருத்துவரையே பொறுப்பாக்கியது. உங்கள் நாட்டில் விசாரணைக்கு உத்தரவிட்டது போலீஸா, மாஜிஸ்திரேட்டா, கொரோனரா என்று தெரிந்துகொண்டால் யாரிடம் போய் நிற்பது என்ற அலைச்சல் பாதி குறையும்.

விஷப் பரிசோதனை முடிவு மறுநாளே வராது. வாரக்கணக்கில் ஆகும், சில இடங்களில் மாதக்கணக்கில். அதுவரை "காரணம் நிலுவையில்" என்று இருப்பது முறையானதுதான். முடிவு வந்தபின், ரத்தம் உடலின் எந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டது என்று பாருங்கள். இறந்தபின் சில மருந்துகள் திசுக்களிலிருந்து கசிந்து இதயத்து ரத்தத்தில் கூடிவிடும். டிஜாக்ஸின் என்ற இதய மருந்து இதில் பேர்போனது. அதனால்தான் தொடை நாளத்து ரத்தத்தை விரும்புகிறோம். அழுகிய உடலில் நுண்ணுயிர்களே ஆல்கஹாலை உண்டாக்கும். குடிக்காத மனிதருக்குக் குடிகாரர் பட்டம் கட்டாமலிருக்க, கண்ணுக்குள் உள்ள திரவத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். "விஷம் இல்லை" என்றால் தேடிய விஷங்கள் இல்லை என்று மட்டுமே பொருள். வீட்டில் என்ன பூச்சிமருந்து இருந்தது என்று நீங்கள் சொன்னால் தேடுவது எளிது.

எல்லாம் பார்த்தும் ஒன்றும் கிடைக்காமல் போவதும் உண்டு. இதயத் துடிப்பின் மின்னோட்டக் கோளாறுகள் இறந்த இதயத்தில் எந்தத் தடயமும் விடுவதில்லை. அப்படிப்பட்ட அறிக்கை வந்தால் டாக்டரைத் திட்டிவிட்டு நகராதீர்கள். உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஈசிஜி எடுத்து இதய நிபுணரைப் பார்க்க வேண்டும், மரபணுப் பரிசோதனை பற்றியும் கேட்க வேண்டும்.

உறுப்புகளைத் திருடிவிட்டார்கள் என்ற பேச்சுக்கு என் பதில் சுருக்கமானது. சிறு துண்டுகள் பரிசோதனைக்காக எடுக்கப்படும், மூளையை முழுதாக ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் வைக்கவும் நேரலாம். எதை வைத்துக்கொண்டீர்கள், எப்போது திருப்பித் தருவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தலையைத் திறக்கும் வெட்டு காதுக்குப் பின்னால் முடிக்குள் மறைந்துவிடும், முகத்தைப் பார்க்கலாம்.

திருப்தி இல்லையென்றால் அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டியவை புகைப்படங்கள், எக்ஸ்ரே, மாதிரிகள் கைமாறிய பதிவேடு. காவலில் நேர்ந்த மரணம் என்றால் சந்தேக மரணங்களை விசாரிப்பதற்காக ஐ.நா. 2016இல் திருத்திய மின்னசோட்டா நெறிமுறையைக் குறிப்பிட்டே எழுதுங்கள். குடும்பத்தின் சார்பில் ஒரு பிரதிநிதி அருகில் இருக்கும் உரிமையை அது பேசுகிறது. உடலைப் பதப்படுத்தச் சம்மதிக்குமுன் ரத்த மாதிரி எடுத்தாகிவிட்டதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள், பதப்படுத்தும் திரவம் உள்ளே போனால் பல சோதனைகள் கெட்டுவிடும். எரியூட்டிவிட்டால் மறுபரிசோதனைக்கு உடல் இல்லை. அப்போதும் மெழுகுக் கட்டியில் பதித்த திசுத் துண்டுகள் ஆய்வகத்தில் இருந்தால், வேறொரு மருத்துவர் அவற்றைச் சீவி நுண்ணோக்கியில் பார்க்கலாம். பல ஆண்டு கழித்துக்கூட. அவற்றை அழிக்க வேண்டாம் என்று முதல் வாரத்திலேயே எழுதிக்கொடுங்கள்.