தொலைந்த கைபேசியை முடக்குவது எப்படி?

இந்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய 'சஞ்சார் சாத்தி' தளத்தில், தொலைந்த கைபேசியை எந்த சிம் போட்டாலும் இயங்காதபடி முடக்கலாம். கட்டணம் கிடையாது.

முதலில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். அடுத்து, அதே எண்ணுக்கு மாற்று சிம். பலர் தடுமாறுவது இங்கேதான்: புது சிம்மில் குறுஞ்செய்தி வசதி திரும்ப 24 மணி நேரம் வரை ஆகும். அதற்குள் தளத்தில் பதிய முயன்றால் ஓடிபி வராது, பொறுத்திருங்கள்.

பிறகு தளத்தில் புகார் நகலையும் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணையும் (கைபேசியின் தனி அடையாள எண்) பதியுங்கள். இந்த எண் கைபேசி வந்த பெட்டியிலும் பில்லிலும் இருக்கும். இரட்டை சிம் கைபேசிக்கு இரண்டு எண்கள். இரண்டையும் கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டால் முடக்கம் அரைகுறைதான். பதிந்ததும் வரும் கோரிக்கை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். கைபேசி கிடைத்தபின் முடக்கத்தை நீக்க அது அவசியம்.

முடக்கினால் போலீஸ் தேட முடியாது என்று தயங்க வேண்டாம், தேடல் தடைபடாது.

பழைய கைபேசி வாங்குவோர் பணம் கொடுக்கும் முன், கேஒய்எம் என்று ஆங்கில எழுத்துகளில் அடித்து, இடைவெளி விட்டு ஐஎம்இஐ எண்ணையும் சேர்த்து 14422-க்கு அனுப்பிப் பாருங்கள். முடக்கப்பட்டதென்று பதில் வந்தால் வாங்காதீர்கள்.