பேங்க்ல டெக்னாலஜி இன்சைட் ப்ரோக்ராம் போறீங்களா? நம்ம மலைப் பசங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கம் காலேஜ் படிக்கிற பசங்க இப்பல்லாம் பேங்க்ங்களோட டெக்னாலஜி பிரிவு நடத்துற இன்சைட் ப்ரோக்ராமுக்கு அப்ளை பண்றாங்க, பாக்கவே அவ்ளோ சந்தோஷமா இருக்கு. ரெண்டு மூணு நாள், மிஞ்சிப்போனா ஒரு வாரம். டீம்களைச் சுத்திக் காட்டுவாங்க, வேலை பாக்குறவங்க பக்கத்துல உக்கார வைப்பாங்க, கடைசில குரூப்பா ஒரு சின்ன ப்ராஜெக்ட் குடுத்து எல்லார் முன்னாடியும் பேசச் சொல்லுவாங்க. லண்டன்ல இதையே ஈஸ்டர் லீவு சமயத்துல ஸ்பிரிங் வீக்னு முதல் வருஷப் பசங்களுக்கு நடத்துறாங்க, நம்மூர்ல பேரு பேங்குக்கு பேங்க் மாறும். சென்னைல ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டு, பார்க்ளேஸ், சிட்டி, பெங்களூர்ல ஜேபி மார்கன், கோல்ட்மேன் சாக்ஸ்னு பெரிய பெரிய பேங்க்ங்களோட டெக் ஆபீஸ் எல்லாம் நமக்கு ஒரு ராத்திரி பயணத்துலதான் இருக்கு. நான் கோத்தகிரிக்காரன், வேலை பேங்க் டெக்னாலஜில, இப்படி வர்ற ஸ்டூடண்ட்ஸ் கூட உக்காந்து பேசுறதும் என் வேலைல ஒரு பகுதி. நம்ம ஊர்ப் பசங்க எங்க சறுக்குறாங்கன்னு பாத்துட்டே இருக்கேன், அதனாலதான் இதை எழுதுறேன்.

பெரிய தவறு எதுன்னா, பேங்க் டெக்னாலஜின்னாலே மொபைல் ஆப் செய்யிறதுன்னு நெனச்சுட்டு வர்றது. ஆப் ஒரு ஓரம்தாங்க. உள்ள நடக்குறது வேற. ஊட்டி மார்க்கெட்ல கேரட்டும் பீட்ரூட்டும் வாங்கிட்டு க்யூஆர் ஸ்கேன் பண்றீங்க, சுத்திட்டே இருக்கு, டவர் ஒரு கோடு காட்டுது அப்புறம் அதுவும் போயிருது, உங்க போனுக்கு 180 ரூபா எடுத்தாச்சுன்னு மெசேஜ் வந்துருச்சு ஆனா கடைக்கார அக்காவோட சவுண்ட் பாக்ஸ் வாயே தொறக்கல. அக்கா "காசு வரலையே தம்பி"ங்குறாங்க, பின்னாடி நாலு பேரு நிக்கிறாங்க. இந்த இடத்துல ஆரம்பிக்கிறதுதான் பேங்க் டெக்னாலஜி. உங்க பேங்க் காசை கழிச்சுருச்சு, நடுவுல யூபிஐய நடத்துற என்பிசிஐங்குற அமைப்பு இருக்கு, அந்தப் பக்கம் அக்காவோட பேங்க், அங்க இருந்து "வந்துருச்சு"ங்குற பதில் வரல. பதில் வரலைன்னா காசு சேரலையா, இல்ல சேந்துட்டு பதில் மட்டும் வழில தொலஞ்சுதா? ரெண்டுக்கும் செய்ய வேண்டியது வேற வேற. தப்பா முடிவெடுத்தா ஒண்ணு உங்களுக்கு நஷ்டம் இல்ல அக்காவுக்கு நஷ்டம். அதனாலதான் ஒவ்வொரு ட்ரான்சாக்‌ஷனுக்கும் தனி நம்பர், அதே நம்பர் ரெண்டாவது தடவ வந்தா திரும்பக் கழிக்காத மாதிரி எழுதின ப்ரோக்ராம், அப்புறம் ரெண்டு பக்கக் கணக்கையும் உக்காந்து ஒத்துப் பாக்குற ரிகன்சிலியேஷன். ரிசர்வ் பேங்க் 2019 செப்டம்பர்லயே இதுக்கு கெடு வெச்சுருச்சு, இப்படி சிக்குன யூபிஐ பணம் ஆளுக்கு ஆள் அனுப்புனதா இருந்தா மறுநாளுக்குள்ள, கடைக்கு அனுப்புனதா இருந்தா 5 நாளுக்குள்ள தானா திரும்பணும், தாண்டுனா நாளுக்கு 100 ரூபா கஸ்டமருக்குக் குடுக்கணும். இதைத் தெரிஞ்சுட்டு உள்ள போற பையன் கேக்குற கேள்வியே தனியா தெரியும். ஸ்க்ரீனோட கலர் பத்திக் கேக்க மாட்டான், "பதில் வராதப்ப நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு கேப்பான், அதைக் கேட்டதும் எதிர்ல உக்காந்துருக்குறவரு நாற்காலிய இழுத்துப் போட்டு போர்டுல வரைய ஆரம்பிச்சுருவாரு.

இதோட ஒட்டுன இன்னொரு தவறு, எல்லாமே பழசா இருக்கு மெதுவா இருக்குன்னு முடிவு கட்டிர்றது. ஆமா, பெரிய பேங்க்ங்கள்ல இன்னும் மெயின்ஃப்ரேம்ங்குற பெரிய சென்ட்ரல் கம்ப்யூட்டர்ல, கோபோல்ங்குற பழைய ப்ரோக்ராமிங் லாங்குவேஜ்ல எழுதுனது ஓடுது. ரெண்டு வரி மாத்தணும்னாலும் டிக்கெட், அதாவது சிஸ்டத்துல ஒரு கோரிக்கை, போடணும், வேற ஒருத்தர் பாத்து ஒத்துக்கணும், தப்பானா பழைய நிலைக்கு எப்படித் திருப்புறதுன்னு முன்னாடியே எழுதி வெக்கணும். காலேஜ் ப்ராஜெக்ட்ல ராத்திரி ரெண்டு மணிக்கு கோடு மாத்தி காலைல டெமோ காட்டிப் பழகுனவங்களுக்கு இது எரிச்சலாத்தான் இருக்கும், ஆனா அங்க ஓடுறது சம்பளப் பணமும் பென்ஷனும். குரூப் ப்ராஜெக்ட்ல போயி "எல்லாத்தையும் தூக்கிட்டு ப்ளாக்செயின் போட்ரலாம்"னு சொல்லிராதீங்க. ஏன் இதை இன்னும் மாத்தலைன்னு கேளுங்க, அதுக்கு வர்ற பதில்லதான் நீங்க கத்துக்க வேண்டியது இருக்கு.

அடுத்தது எனக்கு ரொம்ப வருத்தமா இருக்குற விஷயம். நம்ம பசங்க ஊரை மறைக்குறாங்க. அறிமுகம் பண்ணச் சொன்னா "ஃப்ரம் கோயம்புத்தூர்"ங்குறாங்க, சொன்னா சின்ன ஊருன்னு நெனச்சுருவாங்களோன்னு பயம். ஆனா பேங்க் ஆளுங்க மாடில உக்காந்து யோசிக்கிற பிரச்சனைய நீங்க வீட்டுலயே பாத்துருக்கீங்க. எஸ்டேட்ல வருஷக்கணக்கா கொழுந்து பறிச்ச அம்மாவோட கட்டைவிரலப் பாருங்க, தேயிலைக் கறை கறுப்பா ஏறி, தோலு தடிச்சு, ரேகை தேய்ஞ்சு வழவழன்னு இருக்கும். அவங்க ஆதார் வெச்சு காசு எடுக்கலாம்னு மெஷின்ல வெரல வெச்சா எடுக்காது, தொடச்சிட்டு வெப்பாங்க, வேற வெரல் வெப்பாங்க, எடுக்காது, திரும்பி லைன்ல நிப்பாங்க. ஆதார்ல கருவிழி, முகம் வெச்சு சரிபாக்குற வழியும் இருக்கு, ஆனா அந்த ஊர்ல பேங்க் சார்பா காசு குடுக்குற ஏஜென்ட் கையில இருக்குற மெஷின் எதுங்கறதுதான் கேள்வி. இதை நீங்க அந்த ரூம்ல சொன்னா அங்க இருக்குற வேற யாருக்கும் இவ்ளோ கிட்டத்துல தெரியாது. சின்ன தேயிலை விவசாயிக்கு ஃபேக்டரில இருந்து இலைக்காசு அக்கவுண்ட்ல ஏறுறது, பேங்க்கு போகணும்னா ஹட்டில (மலைக் கிராமத்துல) இருந்து பஸ் புடிச்சு டவுனுக்கு வரணுங்கறது, இதையெல்லாம் சொல்லுங்க. "பேக்கேஜ் எவ்ளோ சார்", "எந்த லாங்குவேஜ் படிக்கணும் சார்"ங்குற கேள்விய அவங்க தினமும் கேக்குறாங்க.

இங்கிலீஷ் தடுமாறுதுன்னு வாயே தொறக்காம இருக்காதீங்க, மெதுவா பேசுங்க போதும், யாரும் மார்க் போடல.

டேட்டா விஷயத்துல மட்டும் நான் கண்டிப்பாவே சொல்லுவேன். ஐடி கார்டு மாட்டிட்டு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க, பின்னாடி யாரோட ஸ்க்ரீனாவது தெரிஞ்சா முடிஞ்சுது கதை. அங்க பாத்த கோடு, எரர் மெசேஜ், டேட்டாபேஸ் டேபிள் பேரு எதையும் வெளிய இருக்குற ஏஐ டூல்ல போட்டு "இது என்ன"ன்னு கேக்காதீங்க, மெயில்ல உங்களுக்கே அனுப்பிக்காதீங்க. புரியலைன்னா பக்கத்துல இருக்குறவர்கிட்ட கேளுங்க, அதுக்குத்தான் அவரு இருக்காரு. பேமென்ட் டேட்டா இந்தியாவுக்குள்ளதான் இருக்கணும்னு 2018லயே ரிசர்வ் பேங்க் சொல்லிருச்சு, 2023ல தனிநபர் டேட்டா பாதுகாப்புக்குன்னு தனிச் சட்டமே வந்துருச்சு, அவ்ளோ பயந்து பாத்துக்குற பொருள் அது. நோட்டுல கையால எழுதுங்க, அதுலயும் கஸ்டமர் பேரு, நம்பர் வேண்டாம்.

பயணம் பத்தி மலைக்காரங்களுக்குத் தனியா சொல்லணும். காலைல 9 மணிக்கு வரச்சொன்னா அன்னைக்கு விடியக்காலைல எறங்கிக்கலாம்னு ப்ளான் போடாதீங்க. அக்டோபர், நவம்பர்ல குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டுல மண்ணு சரிஞ்சா எல்லா வண்டியும் கோத்தகிரி வழிதான், அங்கயும் மரம் விழுந்தா அவ்ளோதான். மேட்டுப்பாளையத்துல நீலகிரி எக்ஸ்பிரஸ் நமக்காக நிக்காது. முந்தின நாளே கீழ எறங்கி தங்கிக்கோங்க. ஆன்லைன்ல நடந்தா கரண்டு போகும்னு வெச்சுக்கிட்டே தயாராகுங்க, ரெண்டு வேற கம்பெனி சிம், சார்ஜ் போட்ட போன், டவர் நல்லா கிடைக்கிற சொந்தக்காரங்க வீடு, அப்புறம் ஒருங்கிணைக்கிறவங்களுக்கு முன்கூட்டியே ஒரு மெயில் போட்டு "எங்க ஊர்ல மழைக்கு நெட் விட்டுப்போகும், போச்சுன்னா இந்த நம்பர்ல கூப்பிடுறேன்"னு சொல்லிருங்க. சொல்லிட்டு காணாமப் போனா புரிஞ்சுக்குவாங்க, சொல்லாம போனா ஆர்வமில்லன்னு எழுதிருவாங்க.

காசு கேட்டா அது பேங்க் ப்ரோக்ராமே இல்ல. ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், சர்டிஃபிகேட் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட் எந்தப் பேருல கேட்டாலும் சரி. வாட்ஸப்ல வர்ற லிங்க்க விட்டுட்டு பேங்க்கோட சொந்த வெப்சைட்ல கேரியர்ஸ் பக்கத்துல போயி பாருங்க. ஏற்கனவே கட்டிட்டீங்கன்னா வெக்கப்பட்டுட்டு வீட்டுல மறைக்காம உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு கூப்பிடுங்க, எவ்ளோ சீக்கிரம் சொல்றீங்களோ அவ்ளோ நல்லது.

முடிச்சுட்டு வந்தப்புறம் ரெசுமேல "இன்ன பேங்க்ல வேலை பாத்தேன்"னு போடாதீங்க, இன்டர்ன்ஷிப்னும் போடாதீங்க. இன்டர்வியூல ரெண்டாவது கேள்விலயே தெரிஞ்சுரும். இன்சைட் ப்ரோக்ராம்னே போட்டு, எந்த டீம் கூட உக்காந்தீங்க, குரூப் ப்ராஜெக்ட்ல நீங்க செஞ்ச பங்கு என்னன்னு ரெண்டு வரி எழுதுங்க. உங்களுக்கு நேரம் ஒதுக்குனவருக்கு அந்த வாரத்துக்குள்ள ஒரு மெயில் போடுங்க, வெறும் தேங்க்ஸ் வேண்டாம், அவரு போர்டுல வரைஞ்சு காட்டுனதுல உங்களுக்கு இன்னும் புரியாத ஒரு இடத்தையும் கேட்டு எழுதுங்க, பெரும்பாலும் பதில் வரும். இன்டர்ன்ஷிப் அப்ளிகேஷன் எந்த மாசம் தொறக்குதுன்னும் அதே மெயில்ல கேட்டுருங்க.