முதல் வாக்கியத்துக்கே பதில் சொல்லும் மேனேஜர்கள்

புதிதாக டீம் லீட், மேனேஜர் ஆனவர்கள் தங்கள் ஆட்களோடு தனியாகப் பேசும்போது ஓரமாக உட்கார்ந்து கவனிப்பது என் வேலையில் ஒரு பகுதி. ஆள் மாறினாலும் பேச்சு நழுவுகிற இடம் மாறுவதில்லை. நான் மேனேஜராக இருந்தபோது நழுவிய அதே இடங்கள்தான். போனை நோண்டாதீர்கள், குறுக்கே பேசாதீர்கள், கத்தாதீர்கள் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுகிறேன். நல்லவர்கள், அக்கறை உள்ளவர்கள், "நான் எல்லாரையும் காது கொடுத்துக் கேட்பேன்" என்று உண்மையாகவே நம்புகிறவர்கள் செய்யும் தவறுகளைத்தான் எழுதுகிறேன்.

முதல் வாக்கியத்துக்குப் பதில் சொல்லி அனுப்பிவிடுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் மூட்டுகிற தவறு இது. இதனால் வரும் நஷ்டம் உடனே கண்ணில் படாது, அதனால்தான் யாரும் திருத்திக்கொள்வதும் இல்லை.

ஒரு சம்பவம். நடந்தபோது நான் அங்கே இல்லை. பின்னால் நடந்த விசாரணையில் இருவரும் தனித்தனியாகச் சொன்னதைச் சேர்த்துச் சொல்கிறேன். சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண் பொறியாளர் ஒருவர் தன் டீம் லீடிடம் போகிறார்.

"சார், பேக்கப் முடிய இப்பல்லாம் ரொம்ப நேரம் ஆகுது."

"அப்படியா? பன்னிரண்டு மணிக்குப் பதிலா பத்து மணிக்கே ஆரம்பிச்சு விட்டுடுங்க. காலைல முடிஞ்சிருக்கும். வேற?"

"இல்ல சார், அவ்வளவுதான்."

அந்தப் பெண்ணின் கையில் நாலாக மடித்த ஒரு தாள் இருந்தது. பழைய பேக்கப் ஒன்றை அவர் சோதனைக்காகத் திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கிறார். பாதி டேபிள்கள், அதாவது தகவல் அட்டவணைகள், வரவில்லை. அந்தப் பட்டியல்தான் அந்தத் தாள். தான் ஏற்றிய விதம் தப்பா, பேக்கப்பே தப்பா என்று அவருக்கு நிச்சயமில்லை. எடுத்ததும் "பேக்கப் வேலை செய்யல" என்று சொல்லி, கடைசியில் தன் தவறாக இருந்துவிட்டால்? அதனால் யாருக்கும் உறுத்தாத ஒரு வாக்கியத்தைச் சொல்லி ஆழம் பார்த்தார். அந்த வாக்கியத்துக்குப் பொருத்தமான பதில் உடனே கிடைத்துவிட்டது. தாள் பிரிக்கப்படாமலே திரும்பிப் போனது.

சில வாரங்கள் கழித்து சர்வர் டிஸ்க் போனது. பேக்கப்பைத் தேடி ஓடினார்கள். வராத டேபிள்கள் வராதவைதான். வாடிக்கையாளர்களின் பழைய பதிவுகளை மின்னஞ்சல்களில் இருந்தும் ரசீதுகளில் இருந்தும் கையால் தட்டி ஏற்ற வேண்டியதாயிற்று. விசாரணையில் அந்த லீட் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை: "நான் கேட்டேனே சார். வேற என்னன்னுகூடக் கேட்டேனே." பொய் இல்லை, கேட்டார்தான். ஒரு கண் திரையில் இருக்க, கை மவுஸுக்குத் திரும்ப, "வேற?" என்றார். அதைக் கேட்ட யாரும் கிளம்பச் சொல்கிறார் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? முதல் காரணம், பதவி உயர்வு. சட்டென்று விடை சொல்கிறவரைத்தான் லீட் ஆக்குகிறோம். ஆக்கிய மறுநாளில் இருந்து அந்தக் குணமே அவர் காலை வாருகிறது. இரண்டாவது, பேச்சின் இயல்பு. பத்து மொழிகளில் அன்றாட உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்கும் இடைவெளி சராசரியாகச் சுமார் 200 மில்லி விநாடிதான் என்று தெரிந்தது. ஒரே ஒரு சொல்லைத் தயார் செய்யவே மூளைக்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். ஆக, எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் பதிலைச் சமைக்க ஆரம்பித்துவிடுகிறோம். அரட்டையில் இது அழகு. குறை கேட்கிற இடத்தில் ஆபத்து.

மூன்றாவது, முதலில் வந்ததுதான் முக்கியமானது என்கிற நினைப்பு. டாக்டர்கள் நோயாளிகளிடம் பேசுவதைப் பதிவு செய்து ஆராய்ந்து 1984இல் பெக்மனும் பிராங்கலும் வெளியிட்ட கட்டுரையில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 விநாடிக்குள் டாக்டர் இடைமறித்தார் என்று கண்டார்கள். பெரும்பாலும் முதலில் சொன்ன குறையையே பிடித்துக்கொண்டு மேலே போனார்கள். ஆனால் முதலில் சொல்வதுதான் பெரிய குறையாக இருக்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

இந்தத் தவறின் உச்சத்தை விமானத் துறை பார்த்திருக்கிறது. 1977 மார்ச் 27, டெனரீஃப் தீவின் விமான நிலையம், கடும் பனிமூட்டம். கே.எல்.எம். என்கிற டச்சு நிறுவனத்தின் விமானம் ஓடுபாதையில் புறப்பட ஆரம்பித்துவிட்டது. பான் ஆம் என்கிற அமெரிக்க நிறுவனத்தின் விமானம் இன்னும் அதே ஓடுபாதையில் இருந்தது. வானொலியில் வந்ததைக் கேட்ட, கே.எல்.எம். விமானி அறையில் இருந்த பொறியாளர், "அவர்கள் இன்னும் விலகவில்லையா?" என்கிற மாதிரி கேட்டார். கேள்வியாகத்தான் கேட்டார். கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சி விமானி. "விலகிவிட்டார்கள்" என்று அவரிடமிருந்து அழுத்தமாகப் பதில் வந்தது. யாரும் மறுபேச்சு பேசவில்லை. 583 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை கேள்வியின் உடையில் வந்தது. கேள்விக்கு மட்டும் பதில் போனது. விமானி அறையில் இளையவர் எப்படிச் சொல்ல வேண்டும், மூத்தவர் எப்படிக் கேட்க வேண்டும் என்று தனியாகவே பயிற்சி கொடுக்கும் வழக்கம் இந்த மாதிரி விபத்துகளுக்குப் பிறகுதான் வேரூன்றியது.

சரி, என்ன செய்வது? பதில் தெரிந்தாலும், அதைச் சொல்வதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "இதை எப்ப கவனிச்சீங்க?" போதும். பேக்கப் விஷயத்தில் இந்த ஒரு கேள்வி அந்தத் தாளைப் பிரிக்க வைத்திருக்கும். ஏனென்றால் "எப்ப" என்பதற்கான பதில், "திரும்ப ஏத்திப் பார்த்தப்பதான் சார்" என்பது. "ஏன்" என்று ஆரம்பிக்காதீர்கள், விசாரணை மாதிரி ஒலிக்கும்.

கேட்டபின் காத்திருங்கள். அமெரிக்காவில் மேரி பட் ரோ வகுப்பறைப் பேச்சுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். 3 விநாடி பொறுத்ததும் பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மூன்று விநாடி என்பது மேனேஜர் நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு யுகம். தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடியுங்கள். நான் சொல்லிக் கொடுக்கிற எல்லாவற்றிலும் ஆட்கள் உண்மையிலேயே பின்பற்றுவது இதை ஒன்றைத்தான்.

இன்னொன்று, வந்தவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடலாம்: "இதுக்கு நான் ஒரு வழி சொல்லணுமா, இல்ல எனக்குத் தெரிஞ்சிருக்கணும்னு சொல்றீங்களா?" பாதிப் பேர் இரண்டாவது என்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எதற்கும் பதிலே சொல்லாமல் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று திருப்பித் திருப்பிக் கேட்கிற மேனேஜர்களும் உருவாகிவிட்டார்கள். அவர்களிடம் மாட்டிக்கொண்டவர்கள் பாவம். சர்வர் விழுந்து கிடக்கும்போது ஆழ்ந்த கேள்விகள் வேண்டாம், என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

"புரிஞ்சுதா?"

இதற்கு "இல்லை" என்று சொன்ன ஊழியரை நான் பார்த்ததில்லை. சொல்கிறவருக்குத் தன் பேச்சு தெளிவாக இருப்பதாகவே தோன்றும். 1990இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். தெரிந்த பாட்டின் தாளத்தை ஒருவர் மேஜையில் தட்ட வேண்டும், எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டில் 3தான் தேறியது. தட்டுகிறவர் மனதுக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது, எதிரே இருப்பவருக்கு டொக் டொக்தான்.

"புரிஞ்சுதா" என்பதை விட்டுவிட்டு, "முதல்ல எதை எடுக்கப் போறீங்க? எங்க சிக்கும்னு தோணுது?" என்று கேளுங்கள். சொல்கிற பதிலிலேயே புரிந்தது எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஒப்பிக்கச் சொல்லாதீர்கள், பெரியவர்களைப் பள்ளிக்கூடத்தில் நிறுத்திய மாதிரி ஆகிவிடும்.

கூட்டத்தில் முதல் ஆளாகக் கருத்துச் சொல்வது

கடைசியில் சொல்லுங்கள்.

"என் கதவு எப்பவும் திறந்திருக்கும்"

அந்தக் கதவு வழியாக வருகிறவர்கள் ஏற்கெனவே பேசத் தெரிந்தவர்கள். மற்றவர்களின் இருக்கைக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

"தகவலில் 93 சதவீதம் உடல்மொழியும் குரலும்"

இல்லை. இந்த எண்ணுக்கு மூலம் 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ரேபியன் செய்த சோதனைகள். அவை "பிடிக்கும்", "பிடிக்காது" என்கிற உணர்வைப் பற்றியவை. ஒற்றைச் சொற்களையும் குரலையும் முகத்தையும் வைத்துச் செய்தவை. எல்லாப் பேச்சுக்கும் இது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். இந்த எண்ணை நம்பி, கையைக் கட்டாமல் உட்காருவதில் கவனம் வைத்து, சொன்ன விஷயத்தைக் கோட்டை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சொன்னதையே திருப்பிச் சொல்வது

"ஆக, உங்களுக்கு வேலைப் பளு அதிகம்னு சொல்றீங்க." ஆமாம், அதைத்தானே இப்போது சொன்னார்! 1957இல் உளவியலாளர்கள் கார்ல் ராஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் ஊன்றிக் கேட்பதைப் பற்றி எழுதியபோது, கேட்கிறவரின் மனப்பான்மையைத்தான் முன்னால் வைத்தார்கள். பயிற்சி வகுப்புகள் அதைச் சுருக்கி ஒரு வாக்கிய உத்தியாக்கிவிட்டன. திருப்பிச் சொல்வதானால் அதில் உங்கள் ஊகம் ஒன்று இருக்கட்டும்: "வேலை அதிகங்கறதைவிட, எது முதல்லன்னு யாரும் சொல்லாததுதான் படுத்துதோ?" தப்பாக இருந்தால் அவரே திருத்துவார். அந்தத் திருத்தம்தான் உங்களுக்கு வேண்டியது.

கேட்டபின் காணாமல் போவது

பொறுமையாகக் கேட்டு, குறித்துக்கொண்டு, "பார்க்கிறேன்" என்று சொல்லி, பிறகு வாயே திறக்காமல் இருப்பது. மேலிடத்தில் பேசியிருப்பீர்கள், முடியாது என்று வந்திருக்கும். கெட்ட செய்தியை எதற்குச் சொல்வானேன் என்று விட்டிருப்பீர்கள். ஊழியருக்குத் தெரிவது அது இல்லை. சொன்னது குப்பைக் கூடைக்குப் போனது என்றுதான் தெரியும், அடுத்த முறை தாளோடு வரமாட்டார். "கேட்டேன், இந்த வருஷம் முடியாதுன்னுட்டாங்க, காரணம் இது" என்று இரண்டு வரி அனுப்புங்கள். இன்னும் பதில் வரவில்லை என்றால் வரவில்லை என்பதையும் அனுப்புங்கள். குறித்துக்கொண்ட பக்கத்திலேயே, யாருக்கு எப்போது பதில் சொல்ல வேண்டும் என்று ஒரு தேதியையும் எழுதிவையுங்கள்; அவர் எழுந்து போவதற்கு முன், அவர் கண் முன்னாலேயே.