புலிக்கதையைப் பிள்ளையோடு சேர்ந்து வாசிப்பது எப்படி?

என் மாமியார் இறந்து மூன்று மாதம் கழித்து, பத்து வயது மகளோடு 'வென் யூ ட்ராப் எ டைகர்' நாவலை வாசிக்கத் தொடங்கினேன். டே கெல்லர் எழுதி, 2021-இல் நியூபெரி பதக்கம் பெற்றது. நோயாளிப் பாட்டி, அவரைக் குணமாக்குவதாகப் பேரம் பேசும் புலி, அதை நம்பும் பேத்தி லில்லி. முதல் தடவை சொதப்பிவிட்டேன். இது இரண்டாம் தடவை கைகொடுத்த முறை.

படி 1: நாவலுக்கு முன்னால், சூரியனும் சந்திரனும் ஆன பிள்ளைகளின் கொரிய நாட்டார் கதையைச் சொல்லிவிடுங்கள். "புலி புகை பிடித்த காலத்தில்" என்றே தொடங்குங்கள், கொரியாவில் அதுதான் வழக்கம். தோக் என்ற அரிசிப் பண்டத்தோடு மலையேறி வரும் அம்மாவைப் புலி மறிக்கிறது: "ஒன்று கொடு, தின்ன மாட்டேன்." பண்டம் தீர்ந்ததும் அம்மாவையே தின்றுவிட்டு, அவள் உடையில் வீட்டுக்கு வருகிறது. பிள்ளைகள் மரமேறி வானத்திடம் கயிறு கேட்டுத் தப்புகிறார்கள். புலிக்குக் கிடைப்பது இற்றுப்போன கயிறு. விழுந்த இடத்தில் சோளத்தட்டை சிவந்துபோனதாம்.

இங்கேதான் நான் தடுக்கி விழுந்தேன். அம்மா சாவதைச் சொல்ல மனம் வராமல், புலி வயிற்றைக் கிழித்து அவளை வெளியே வரவைத்தேன். நாவலில் பாட்டிக்கு நோய் முற்றியதும் மகள் கேட்டாள்: "அப்ப அப்பத்தாவும் வந்திருக்கலாம்ல?" புத்தகத்தை மூடியவள் இரண்டு வாரம் தொடவில்லை. கதையை மாற்றாதீர்கள். அதற்குள்ளேயே ஆறுதல் இருக்கிறது: சந்திரனான தங்கைக்கு இருட்டு பயம், அதனால் அண்ணன் இடம் மாறிக்கொள்கிறான். திருத்திச் சொன்னபோது அதை மட்டும் இன்னொரு தடவை கேட்டாள்.

படி 2: பகலில், இரண்டு இரண்டு அத்தியாயமாக. அச்சுப் புத்தகம்தான் என் கட்சி. ஒலிப்புத்தகம் பிள்ளை கேள்வி கேட்க நிற்காது. 'ஹல்மோனி' என்றால் பாட்டி, அதை அப்படியே வாசியுங்கள்.

படி 3: லில்லியின் பாட்டி கதைகளை ஜாடிகளில் அடைத்துவைத்திருப்பார். ஒவ்வொரு ஜாடி திறக்கும்போதும் உங்கள் வீட்டுக் கதை ஒன்று. நாங்களும் ஒரு ஜாடி வைத்தோம். எழுதிப் போடச் சொன்னேன், மாட்டேன் என்றாள். அப்பத்தாவின் சுருக்குப்பையைப் போட்டாள். சரி என்று விட்டுவிட்டேன்.

பிற்சேர்க்கை: ஏழு வயது மகன் பயந்துவிட்டதாக ஒருவர் எழுதியிருந்தார், நாட்டார் கதையில் அம்மா கை போலத் தெரிய புலி கையில் மாவு பூசிக் கதவிடுக்கில் நீட்டும் இடத்தில். அந்த வயதுக்கு நாவல் வேண்டாம். நாட்டார் கதை போதும், அதையும் ராத்திரியில் சொல்லாதீர்கள்.