நத்தை ஓட்டிலிருந்து ஒரு சிற்பம்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

இயற்கைப் பொருள் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்து, அதன் வடிவைக் களிமண்ணில் வனைந்து, பின்னர் அதைக் கைப்பேசியால் படமெடுத்து முப்பரிமாண அச்சில் எடுப்பது, சிற்பி ஒருவர் அருங்காட்சியகத்தில் புதியவர்களுக்கு நடத்தத்தக்க மிகச் சிறந்த பயிற்சிகளுள் ஒன்று. அதையே இங்கு வரிசையாக விளக்குகிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். கைப்பேசியை முதலில் எடுத்தால் பொருளைப் பார்க்கும் பொறுமை போய்விடும்.

படி 1: சுற்றி வந்து வரைதல்

அருங்காட்சியகத்தில் ஒரே ஒரு சிற்பத்தைத் தேர்ந்தெடுத்து, நான்கு பக்கங்களிலிருந்தும் அதன் வெளிக்கோட்டை மட்டும் வரையுங்கள். முன்பக்கத்தைக் கொண்டு பின்பக்கத்தை ஊகிக்க இயலாத சிற்பமாக இருந்தால் நல்லது. ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூரின் படைப்புகள் அத்தகையவை. எலும்புகளையும் கூழாங்கற்களையும் சேகரித்துப் பட்டறையில் வைத்திருந்த அவருடைய பெரிய வெண்கலச் சிற்பங்கள் பல, கைக்கு அடக்கமான சிறு மாதிரிகளாகத்தான் தொடங்கின.

படி 2: நத்தை ஓட்டின் அளவெடுத்தல்

காலியான நத்தை ஓடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கூர்முனை மேலேயும் வாய் உங்களை நோக்கியும் இருக்குமாறு பிடித்தால், பெரும்பாலான நத்தைகளுக்கு வாய் வலப்பக்கம் அமையும். வாய்விளிம்பை நகத்தால் வருடினால், அதற்கு இணையாக மெல்லிய வரிகள் தட்டுப்படும். நத்தை வளரும்போது அந்த விளிம்பில் மட்டுமே புதிய ஓட்டைச் சேர்க்கிறது. பழைய பகுதி இருந்தபடியே இருப்பதால், அது குஞ்சாக இருந்தபோது கொண்டிருந்த ஓடு இன்னும் அந்தக் கூர்முனையில் இருக்கிறது.

இப்போது ஒரு நூலால் அடுத்தடுத்த சுற்றுகளின் அகலத்தை அளந்து குறியுங்கள். எடுத்துக்காட்டாக 4, 6, 9 மில்லிமீட்டர் என்று வந்தால், ஒவ்வொரு சுற்றும் முந்தையதைப் போல ஒன்றரை மடங்கு என்று பொருள். கூட்டல் அன்று, பெருக்கல். இந்தப் பயிற்சியின் உயிர்நாடி இதுதான்.

படி 3: களிமண்

நீர் கலந்த களிமண் காயும்போது சுருங்கி வெடிக்கும் என்பதால், முதல் முயற்சிக்குக் காயாத எண்ணெய்க் களிமண்ணே ஏற்றது. ஒரு முனை பென்சில் நுனி போலவும் மறுமுனை மூன்று விரல் தடிமனாகவும் இருக்கும் நீண்ட உருளையை உருட்டி, மெல்லிய முனையிலிருந்து தொடங்கிச் சுற்றுங்கள். தொடங்குபவர்களில் பெரும்பாலோர் தடிமனைச் சீராக வைத்துவிடுவதால், கிடைப்பது ஓடாக இல்லாமல் சுருள்கம்பியாக இருக்கும். அப்படி நேர்ந்தால் ஒட்டுப்போட்டுத் திருத்தாமல், பிரித்து மீண்டும் உருட்டுவதே மேல். சுற்றுகள் சந்திக்கும் பள்ளத்தைத் தேய்த்து நிரப்பிவிடாதீர்கள். நிழல் விழுவது அங்கேதான்.

படி 4: படமெடுத்தல்

பல ஒளிப்படங்களிலிருந்து முப்பரிமாண வடிவைக் கணிக்கும் முறைக்கு போட்டோகிராமெட்ரி என்று பெயர். சிற்பத்தின் அடியில் செய்தித்தாள் ஒன்றை விரியுங்கள். படங்களைப் பொருத்துவதற்கு அதன் எழுத்துகள் மென்பொருளுக்கு அடையாளப் புள்ளிகளாக உதவும். மென்பொருளுக்கு உண்மையான அளவு தெரியாது என்பதால் ஓர் அளவுகோலையும் அருகில் வையுங்கள். சிற்பத்தை அசைக்காமல், தாழ்வாக, நேராக, மேலிருந்து என மூன்று உயரங்களில் சுற்றிவந்து, உயரத்துக்கு இருபது படங்கள் எடுங்கள். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் இரண்டு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும்.

பளபளப்பு இதற்குப் பகை. என் முதல் முயற்சியில் களிமண்ணின் எண்ணெய் மினுமினுப்பு ஒவ்வொரு படத்திலும் இடம் மாறியதால், வாய்ப்பகுதியில் பெரிய துளையோடுதான் கணினி மாதிரி கிடைத்தது. மறுமுறை முகப்பவுடரை லேசாகத் தூவி, நேரடி வெயில் படாத இடத்தில் எடுத்தபோது அந்தக் குறை நீங்கியது.

படி 5: அச்சிடுதல்

மென்பொருளில் துளைகளை அடைத்து, அடிப்பகுதியைத் தட்டையாக வெட்டி, அளவைத் தீர்மானியுங்கள். நீளத்தை இரட்டித்தால் கனஅளவு எட்டு மடங்காகும் என்பதை மறந்தால், அச்சிடும் நேரம் உங்களைத் திகைக்க வைக்கும். அச்சுப்பொறி பொருளைக் கீழிருந்து மேலாக மெல்லிய அடுக்குகளாகக் கட்டுகிறது; 0.2 மில்லிமீட்டர் அடுக்குகளில் 10 செண்டிமீட்டர் உயரச் சிற்பத்துக்கு 500 அடுக்குகள் தேவை. செங்குத்திலிருந்து ஏறத்தாழ 45 பாகைக்கு மேல் வெளியே சாயும் பகுதிகளுக்குத் தாங்கிகள் வேண்டும். தன் ஓட்டைத் தானே வளர்க்கும் நத்தைக்கு அந்தத் தொல்லை இல்லை.

அச்சு முடிந்ததும் ஓடு, களிமண், அச்சுப்படி ஆகிய மூன்றையும் பக்கவாட்டு ஒளியில் அருகருகே வையுங்கள். ஓட்டின் வரிகள் வாய்விளிம்பைப் பின்பற்றிச் சுழல, அச்சுப்படியின் வரிகள் வடிவத்தைப் பொருட்படுத்தாமல் கிடைமட்டமாகச் செல்வதைக் காண்பீர்கள். மாதிரியைச் சற்றே சாய்த்து இன்னொரு படி அச்சிட்டால் வரிகளும் சாயும். இரண்டையும் ஒப்பிட்டு, எந்த வரிகளைத் தேய்ப்பது, எவற்றை விட்டுவைப்பது என்று முடிவு செய்த பிறகே உப்புத்தாளைக் கையில் எடுங்கள்.