கிரிப்டிக் ஹன்ட்ட டீமா உக்காந்து உடைக்கிறது எப்படி

மொதல்ல இந்த கேம் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. ஒரு பேஜ் தொறக்கும், அதுல ஒரு படம், கீழ தலையும் இல்லாம வாலும் இல்லாம ஒரு வரி, அதுக்கும் கீழ பதில் போட ஒரு பாக்ஸ், அவ்ளோதான். சரியான வார்த்தைய போட்டா அடுத்த லெவல், தப்பா போட்டா பேஜ் அசையாது. கேள்வி என்னன்னே சொல்ல மாட்டாங்க, கேள்விய கண்டுபிடிக்கிறதுதான் பாதி வேலை. காலேஜ் ஃபெஸ்ட்ல நடத்துவாங்க, ரெண்டு நாள் மூணு நாள்னு ஓடும், அந்த ரெண்டு நாளும் வீட்ல நம்மள மனுஷனா மதிக்க மாட்டாங்க.

நாங்க அஞ்சு பேரு, சென்னையில ஆளுக்கொரு மூலை. நான் அம்பத்தூர், மச்சான் பெரம்பூர், ஸ்கூல் ஃப்ரெண்டு ஒருத்தன் வேளச்சேரி, சித்தப்பா பொண்ணு தாம்பரம், இன்னொருத்தன் ஓஎம்ஆர்ல நைட் ஷிஃப்ட், அவன் எப்ப வருவான்னு அவனுக்கே தெரியாது. நாலு அஞ்சு பேருக்கு மேல சேக்காதீங்க, அதுக்கு மேல போனா அது டீம் இல்ல, கல்யாண வீடு. அஞ்சு புத்திசாலிய ஒரே மீட் லிங்க்ல உக்கார வெச்சா அஞ்சு மடங்கு வேகமா முடியும்னு நாங்களும் நெனச்சோம், மொத தடவ நாலாவது லெவல்லயே படுத்துட்டோம்.

ஏன் படுத்தோம்னா எல்லாத்தையும் வாட்ஸ்அப் குரூப்லயே பண்ணோம். ஒருத்தன் முக்கியமான விஷயம் போடுவான், அதுக்கு மேல பத்து மீம், நாலு வாய்ஸ் நோட், அரை மணி கழிச்சு வர்றவன் மேல தள்ளித் தள்ளி கை வலிச்சு விட்டுருவான். அதனால மொத வேலையா ஒரு கூகுள் ஷீட் தொறங்க, எல்லாருக்கும் எடிட் குடுங்க. லெவலுக்கு ஒரு வரிசை. பேஜ்ல கண்ணுல பட்டது என்ன, அது என்னவா இருக்கலாம்னு தோணுது, என்னென்ன பதில் போட்டுப் பாத்தோம், யாரு போட்டது. இதுல தப்பான பதில் எழுதுற கட்டம்தான் உசுரு, சரியான பதிலுக்கு கட்டமே வேணாம், அது கெடச்சா நீங்களே கத்தப் போறீங்க. எங்க டீம்ல ஒரே தப்பான வார்த்தைய மூணு பேரு தனித்தனியா போட்டு பேஜ் பதினஞ்சு நிமிஷம் லாக் ஆச்சு, லாக் முடிஞ்சதும் நைட் ஷிஃப்ட்காரன் உள்ள வந்து அதே வார்த்தைய நாலாவதா போட்டான். எழுதி வெச்சிருந்தா வருமா இது.

இன்னொன்னு, படத்த வாட்ஸ்அப்ல ஃபோட்டோவா அனுப்பாதீங்க. வாட்ஸ்அப் படத்த சுருக்கிரும், எடுத்த எடம் தேதி கேமரான்னு படத்துக்குள்ள ஒளிஞ்சிருக்குற தகவலையும் கழட்டிரும், பல லெவல்ல விடையே அந்த தகவலுக்குள்ளதான் இருக்கும். டாகுமென்ட்டா அனுப்புங்க, இல்ல அவங்கவங்க பேஜ்லேருந்து நேரா எறக்கிக்கோங்க. ஃபோன்ல மட்டும் ஆடி ஜெயிக்கிறது கஷ்டம், டீம்ல ரெண்டு பேரு கிட்டயாவது லேப்டாப் இருக்கணும்.

லெவல் தொறந்ததும் பதில் போடாதீங்க. பத்து நிமிஷம் பாருங்க, கண்ணுல வெளக்கெண்ண விட்டுக்கிட்டு பாருங்க. பிரவுசர்ல மேல டேப்ல என்ன பேரு இருக்கு, அட்ரஸ்ல ஏதாவது சம்பந்தமில்லாத வார்த்தை இருக்கா, படத்தோட ஃபைல் பேரு என்ன, மவுஸ்ஸ மேல கொண்டு போனா ஏதாவது எழுத்து வருதா, கன்ட்ரோல் ஏ அடிச்சா வெள்ளை பேக்ரவுண்டுல வெள்ளையா எழுதினது தெரியுதா, கன்ட்ரோல் யு அடிச்சா பேஜுக்குப் பின்னாடி இருக்குற புரோகிராம் கோடு தெரியும், அதுக்கு நடுவுல யாராவது கமென்ட் எழுதி வெச்சிருக்காங்களா. படத்த கூகுள் லென்ஸ்ல போடுங்க. ஆடியோ இருந்தா ஆடாசிட்டின்னு ஒரு சவுண்டு எடிட் பண்ற சாஃப்ட்வேர்ல போட்டு ஸ்பெக்ட்ரோகிராம் வியூ மாத்துங்க, காதுக்கு கர்ருனு கேக்குறது கண்ணுக்கு எழுத்தா தெரியும், மொத தடவ பாக்குறப்ப நெஜமாவே புல்லரிக்கும். வரிகள் நாலஞ்சு இருந்தா ஒவ்வொரு வரியோட மொத எழுத்த கோத்துப் பாருங்க. பாத்தத எல்லாம் ஷீட்ல போடுங்க, இது வேணுமா வேணாமான்னு யோசிக்காம போடுங்க.

யோசிக்காமன்னு ஏன் அழுத்தி சொல்றேன்னா, போன தடவ ஒரு லெவல். கருப்பா ஒரு குதிரை, மேல ஆளு. கீழ "ஏறிட்டேன், கால் எங்க வெக்கிறது?"ன்னு ஒரு வரி. வேளச்சேரிக்காரன் ஃபைல் பேரப் பாத்து 1839னு ஷீட்ல போட்டான். நாங்க கிண்டி ரேஸ்கோர்ஸ், ராஜா தேசிங்கு, போலோ, செஸ் குதிரைன்னு ரெண்டு மணி நேரம் குண்டுச் சட்டிக்குள்ள குதிரை ஓட்டுனோம். அப்புறம் தாம்பரத்துத் தங்கச்சி மெதுவா சொல்றா, "அண்ணா, அப்பவே அம்மா பின்னாடி நின்னு பாத்துட்டு, என்னடி இது நம்ம தீவுத்திடல் பக்கத்துல பஸ்ல போறப்ப தெரியுமே அந்த குதிரைக்காரர் மாதிரி இருக்கு, அவருக்கும் கால் வெக்க வளையம் இருக்காதுன்னாங்க, நான்தான் அம்மாக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்." எப்பவோ கேட்டது, சொன்னது நாப்பது நிமிஷம் கழிச்சு! சர் தாமஸ் மன்றோ செல, மெட்ராஸ் கவர்னரா இருந்தவரு, 1827ல காலரால செத்தாரு, செல இங்க நின்னது 1839ல, குதிரைக்கு சேணமும் கெடையாது அங்கவடியும் கெடையாது. வருஷம் ஒருத்தன் கிட்ட, செல சித்தி கிட்ட, நடுவுல ஒரு வாய் தொறக்கல. கையில வெண்ணெய வெச்சுக்கிட்டு நெய்க்கு அலஞ்ச கதை. அன்னிலேருந்து எங்க ஷீட்ல "லூசுத்தனமா தோணுனது"ன்னு ஒரு கட்டம் தனியா இருக்கு, சித்திக்கும் அதுல எடிட் குடுத்தாச்சு.

அதோட முடியல. மன்றோன்னு போட்டா தப்புன்னு வந்துச்சு, எல்லாரும் செலையே இல்ல போலன்னு விட்டுட்டு வேற பக்கம் கெளம்பிட்டாங்க. மச்சான் மட்டும் தாமஸ்மன்றோன்னு சேத்துப் போட்டான், தொறந்துச்சு. அதனால ஒரு ஐடியா பொருந்துற மாதிரி இருந்தா ஒரே தடவையில கைவிடாதீங்க, முழுப் பேரு, சுருக்கம், சர் போட்டு, சர் போடாம, பழைய ஸ்பெல்லிங், புது ஸ்பெல்லிங்னு ஒரு அஞ்சாறு விதம் பாத்துட்டு அப்புறம் விடுங்க. பெரும்பாலும் சின்ன எழுத்துல, ஸ்பேஸ் இல்லாமத்தான் கேப்பாங்க, ரூல்ஸ் பேஜ்ல எழுதியிருக்கும், அத யாரும் படிக்க மாட்டாங்க. ஆனா அகராதியில இருக்குற எல்லா வார்த்தையையும் போட்டுத் தள்ளுற வேலை வேணாம், டீமயே தூக்கிருவாங்க.

இப்ப கோடு விஷயம், அதாவது பதில வேற எழுத்தாவோ நம்பராவோ மாத்தி ஒளிச்சு வெக்கிறது. இது ஒருத்தர் பொறுப்பா எடுத்துக்கிறது நல்லது, எங்களுக்கு நைட் ஷிஃப்ட்காரன். பாத்த உடனே அடையாளம் தெரியணும், மீதிய சைபர்செஃப் மாதிரி சைட் பாத்துக்கும். எழுத்தும் நம்பரும் கலந்து நீளமா வந்து கடைசியில சமக்குறி ஒண்ணோ ரெண்டோ இருந்தா பேஸ்64. நம்பரும் ஏ லேருந்து எஃப் வரைக்கும் உள்ள எழுத்தும் மட்டும் வந்தா ஹெக்ஸ். நம்பர் எல்லாம் 26க்குள்ள இருந்தா இங்கிலீஷ் எழுத்து வரிசை. 978ல ஆரம்பிச்சு 13 நம்பர் வந்தா அது புக்கு பின்னாடி இருக்குற ஐஎஸ்பிஎன். ஆறு புள்ளி கட்டம்னா பிரெயில். படிக்க முடியாத இங்கிலீஷ் வார்த்தை, ஆனா வார்த்தை நீளம்லாம் நேச்சுரலா இருக்குன்னா எழுத்த தள்ளி வெச்சிருக்காங்க, சீசர்னு பேரு, 25 விதமும் போட்டுப் பாத்துரலாம்.

தமிழ்ல கோடு வெச்சா அது தனி சுகம், பல பேரு இங்கதான் மாட்டுவாங்க. ஹெக்ஸ்ல மூணு மூணு ஜோடியா வந்து ஒவ்வொண்ணும் E0னு ஆரம்பிச்சு அடுத்து AE இல்லன்னா AFனு வந்தா கண்ண மூடிட்டு சொல்லலாம், அது தமிழ் யூனிகோடு. அட்ரஸ்ல பர்சன்ட் குறி போட்டு நீளமா வர்ற கன்றாவியும் இதேதான். இன்னொன்னு மெய் 18, உயிர் 12ன்னு வரிசை நம்பர் குடுப்பாங்க. 10-7, 12-3, 18-2ன்னு வந்துச்சு ஒரு தடவ. பத்தாவது மெய் ம், ஏழாவது உயிர் எ, சேந்தா மெ. பன்னெண்டாவது ர், மூணாவது இ, ரி. பதினெட்டு ன், ரெண்டு ஆ, னா. மெரினா! கான்வென்ட்ல படிச்ச மச்சான் வாய்விட்டு க ங ச ஞ சொல்லி எண்ணிக்கிட்டு இருந்தான், அந்த ஆடியோ இன்னும் எங்ககிட்ட இருக்கு.

தமிழ் எண்ணும் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. 1க்கு க மாதிரி, 2க்கு உ, 7க்கு எ, 8க்கு அ, கால்னா வ. அவ்வையார் திட்டுனதா சொல்ற "எட்டேகால் லட்சணமே" இந்த கணக்குதான், எட்டு அ, கால் வ, சேத்தா அவலட்சணம். நம்மாளுங்க எப்பவோ கிரிப்டிக் ஆடிட்டாங்க. ஒரு லெவல்ல வெறும் 8¼னு மட்டும் போட்டிருந்தான், வேளச்சேரிக்காரன் செருப்பு சைஸ்னு சொன்னான், அதயும் ஷீட்ல எழுதினோம்.

ஆனா எல்லாத்தையும் கோடாவே பாக்குறதும் ஒரு வியாதி. 29சின்னு வந்த ஒரு லெவல்ல நம்ம கோடு மாஸ்டர் ஹெக்ஸ்ல இருந்து மாத்தி 668னு கண்டுபிடிச்சு, 668ம் வருஷம் என்ன நடந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சுட்டான். பெரம்பூர்க்காரன் வந்து பாத்துட்டு "டேய் அது எங்க ஊரு பஸ்ஸுடா, பெசன்ட் நகர் போகும்"னான். அங்கேருந்து எலியட்ஸ் பீச், பீச்ல அந்த வெள்ளை வளைவு, 1930ல ஒருத்தர காப்பாத்தப் போய் முழுகிப் போன ஷ்மிட் நினைவுச் சின்னம், வேலை முடிஞ்சுது. கிளூ செட் பண்றவனும் நம்மள மாதிரி டீக்கடையில நின்னு யோசிச்சவன்தான், அவன் தலைக்குள்ள போய் பாக்கணும். "1914ல வந்துட்டு போனவன், இன்னும் தெருவுல திரியுறான்"னு ஒண்ணு. அந்த வருஷம் செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் மேல குண்டு போட்ட ஜெர்மன் கப்பல் எம்டன், இன்னிக்கும் கில்லாடியான ஆள பாத்தா சரியான எம்டன்டான்னு சொல்றோம்ல. இத ஏஐ கிட்ட கேட்டா சில நேரம் அடிச்சு விடும், அதுவும் ரொம்ப கான்ஃபிடன்ட்டா. பாட்டி இருந்தா பாட்டி கிட்ட கேளுங்க.

மாட்டிக்கிட்டா என்ன பண்றது. 45 நிமிஷம் ஒரே எடத்துல நின்னா அந்த லெவல ஒரு தடவயும் பாக்காத ஆள கூப்பிட்டு, இதுவரைக்கும் என்ன யோசிச்சோம்னு சொல்லாம, பேஜ மட்டும் காட்டுங்க. நாங்க யோசிச்சத சொன்னா அவனும் அதே சாக்கடையிலதான் விழுவான். இதுக்காகவே நைட் ஷிஃப்ட்காரன கடைசி வரைக்கும் உள்ள விடாம வெச்சிருப்போம். வேற டீம்காரன் கிட்ட பதில் வாங்காதீங்க, வாங்குனா அடுத்த லெவல்ல அந்த பதிலுக்குப் பின்னாடி இருந்த லாஜிக் தேவைப்படும், அங்க அம்போன்னு நிப்பீங்க.

சில ஹன்ட்ல கடைசி லெவல் வெளிய ஒரு எடத்துல முடியும். 13.0ல ஒரு நம்பர், 80.2ல ஒரு நம்பர்னு ஜோடியா வந்தா அது சென்னை, மேப்ல போடுங்க. உடனே ராத்திரி ரெண்டு மணிக்கு பைக்க எடுத்துட்டு கெளம்பாதீங்க, ஸ்ட்ரீட் வியூல போய் சுத்திப் பாருங்க, போர்டுல இருக்குற வருஷமோ பேரோ அதுலயே படிக்கலாம். அப்படியும் போகணும்னா பக்கத்துல இருக்குறவன் விடிஞ்சதும் போகட்டும், மீதிப் பேரு வீடியோ கால்ல இருங்க. கோட்டைப் பக்கம்னா கேமராவ தூக்கிட்டு சுத்தாதீங்க, உள்ள தலைமைச் செயலகம் இருக்கு, ஆர்மியும் இருக்கு, போலீஸ்காரர் கிட்ட நின்னு "சார் இது ஒரு கேம் சார்"னு வெளக்குறது எந்த லெவலயும் விட கஷ்டம், நானே வெளக்கியிருக்கேன், அவரு கடைசியா கேட்டது "பிரைஸ் எவ்ளோப்பா?"